பூசணத்துக்குப் பந்தி போட்ட சேஷன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கரமனை அக்ரகாரத்தில் கல்யாணம் என்றால் சமையல் சேஷன்தான். மனிதருக்குப் பூசணம் என்றால் ஆகாது. ஊறுகாய்ப் பரணியின் வாயில் வெள்ளையாக ஒரு பொட்டுத் தெரிந்தால் போதும், வீட்டையே ரெண்டு பண்ணிவிடுவார். அவர் போட்ட உப்பு மாங்காய் இரண்டு மழைக்காலம் தாண்டியும் கெடாது. அதில் அவருக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மனைவி நாகலக்ஷ்மிக்கோ வேறு கவலை. கண்வலியில் பார்வை மங்கியபோது, தன் கையால் வளர்த்த கதலிக் குலையைக் கொண்டுவந்து வைப்பதாகப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். கண் தெளிந்துவிட்டது. வாழைதான் வரவில்லை. கொல்லை முழுக்க வெட்டுக்கல் பாறை, மண்ணே கிடையாது. வைத்த கன்றெல்லாம் சோனியாகி மடிந்தது. கடையில் வாங்கி வைத்தால் என்ன என்று கேட்டால் சீறுவாள். பிள்ளையாரை ஏமாற்றுவதா?

கொல்லை மூலையில் எருவுக்கு ஒரு குழி வெட்டினாள். சேஷன் கல்யாண வீடுகளிலிருந்து சாக்கில் கொண்டுவந்த இளவன் காய்த் தோல், வாழைநார், பலாச்சக்கை மடல் எல்லாம் அதில் விழுந்தன. மேலே சருகும் சாணிக் கரைசலும். சில நாளில் தோல்களின் மேல் வெள்ளை நூலாகப் பூசணம் படர்ந்தது. அடியில் மண்புழுக்கள் வந்து சேர்ந்தன. அவள் தினமும் எட்டிப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

அவள் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒரு நாள், சேஷனும் எட்டிப் பார்த்தார். குழி நிறையப் பூசணம்! பாவம், ஆசையாகச் சேர்த்ததெல்லாம் கெட்டுப்போகிறதே என்று பதறினார். பரணிக்குச் செய்வதையே குழிக்கும் செய்தார். கல்லுப்பை வாரி இறைத்து, நன்றாகக் கிளறி, நல்லெண்ணெயும் விட்டு மூடினார். மனைவி வந்ததும், "ஒன் குழியை ரட்சிச்சுட்டேனாக்கும்" என்றார்.

அவள் ஓடிப்போய்க் கிளறினாள். புழுக்கள் சுருண்டு செத்துக் கிடந்தன.

"சதிச்சுட்டேளே! இதென்ன ஊறுகாயா?" கோபத்தோடு அழுகையும் வந்தது அவளுக்கு. "இங்க பூசணம்தான் சமையல்காரன். அது மெத்துனு ஆக்கிக் குடுத்தாத்தான் புழு திங்கும். புழு தின்னு கழிச்சாத்தான் மண்ணு. இனி எதுல கதலி வைப்பேன், சொல்லுங்கோ?"

தன் உப்பின் மேல் சேஷனுக்கே முதல் தடவையாக வெறுப்பு வந்தது.

மறுநாளே கிணற்றடி நிழலில் புதுக் குழி வெட்டினார். குளிக்காமல் அடுப்பைத் தொடாத மனிதர், சிரட்டையோடு வாய்க்கால் ஓரத்தில் குந்தி மண்புழு பொறுக்கினார். தெருவே சிரித்தது.

"என்ன ஓய், இன்னிக்கு இதுதான் கூட்டா?" என்றார் அடுத்த வீட்டுப் பட்டாபி.

"சமைக்க இல்லை ஓய். சாப்பிட அழைச்சுண்டு போறேன்."

நாளாக ஆக மனிதர் அடியோடு மாறிப்போனார். காலையில் குழியைத் திறந்து, பூசணம் பிடிக்கவில்லையென்றால் கவலைப்படுவார். தோலைப் போட்டுவிட்டு, "போறுமா, இன்னும் கொஞ்சம் விடட்டா?" என்று பந்தியில் கேட்பதுபோலக் கேட்பார். மழை ஓய்ந்தபோது குழியில் தோலுமில்லை, நாருமில்லை. கையில் அள்ளினால் கறுப்பாக உதிரும் மண். அதில் நாகலக்ஷ்மி வைத்த கதலி அவர் தலைக்கு மேல் வளர்ந்து குலை தள்ளியது.

குலையைத் தோளில் சுமந்து பழவங்காடிக்கு அவரே நடந்தார். சன்னிதியில் நாகலக்ஷ்மியின் கண் நிறைந்தது. அவருக்கும்தான்.

திரும்பி வந்து, குலை ஈன்ற வாழையைத் துண்டு துண்டாக வெட்டிக் குழியில் போட்டார்.

"ஐயோ, தண்டு கறிக்கு வேண்டாமா?" என்றாள் அவள்.

"நம்ம பந்தி அப்புறம் ஆகட்டும். குலையை வளத்தவா முதல்ல சாப்பிடட்டும்" என்றார் சேஷன்.