எக்ஸ்ரே படிப்பென்று பெயர் சொல்லிக் கேட்டேன்

தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு 1997-ல் எங்கள் நந்திதுர்க் லைன் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருந்தது. என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். வேலை போனால் கம்பெனி வீடும் போகும், அதற்குள் பெண்ணை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். குடியாத்தத்தில் மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று. எனக்குப் பன்னிரண்டாவது, அந்த இரண்டாம் பி.யு.சி. பரீட்சைகூட முடியவில்லை. அழுதேன். சாப்பிடாமல் கிடந்தேன். யாரும் அசையவில்லை.

பிரியமானவர்களே, அந்த இக்கட்டில் எனக்கு உதவி வந்த விதத்தைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

நம் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் ஆளாளுக்கு எழுந்து தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்வார்கள். கூட்டம் நடத்துகிற ராணி அக்கா அவற்றை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக் கொடுப்பார். யாருக்கு எது வருகிறதோ, அதற்காக அவர் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். பையன்களுக்கு வேலை வேண்டும், பெண்களுக்கு வரன் வேண்டும், சுரங்கம் மூடக்கூடாது என்று வாராவாரம் இவைதான் வரும். அன்று நான் எழுந்து, எனக்கு ஒரு நல்ல வேலை கிடைக்க ஜெபியுங்கள் என்றேன். அம்மா என் தாவணியைப் பிடித்து இழுத்தாள். தினமும் ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்த்து வருகிற யோபு அங்கிள் பின்வரிசையிலிருந்து கேட்டார்.

"இன்னா வேலைம்மா? நைனாகூட கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என்ன வேலை என்று எனக்கே தெரியாது. அதுதான் அதிகம் வலித்தது. கல்யாணம் வேண்டாம் என்று ஆண்டவரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, என்ன வேண்டும் என்று சொன்னதே இல்லை.

வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு யோசித்தேன். ஆமாம், யோசித்தேன். அதுவும் ஜெபம்தான். நைனாவுக்கு நெஞ்சு அடைத்தபோதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத் துணையாக நான்தான் போவேன். அங்கே எக்ஸ்ரே அறையில் ஓர் அக்கா இருந்தார். ஷிப்டில் ஊரையே அதட்டுகிற ஆண்களைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, மூச்சை இழுங்க, பிடிங்க, விடாதீங்க என்பார். அத்தனை பேரும் குழந்தை மாதிரி கேட்பார்கள். அந்த வாசலில் நின்று பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். மறுநாளே அவரிடம் போனேன். என்ன படிக்க வேண்டும், எங்கே, எத்தனை மார்க் எடுக்க வேண்டும், எப்போது விண்ணப்பம் போட வேண்டும் என்று கேட்டுக் குடைந்துவிட்டேன். வீட்டிலிருந்தே ரயிலில் போய் வந்து படிக்கலாம் என்றார்.

அடுத்த வெள்ளி மறுபடி எழுந்தேன். பெங்களூரில் எக்ஸ்ரே டிப்ளமோ படிக்க வேண்டும், இந்த வருஷமே சீட்டு வேண்டும், படித்து முடிக்கும்வரை கல்யாணப் பேச்சு நிற்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ராணி அக்கா பங்கு போட்டபோது என் குறிப்பு நைனாவுக்கு வந்தது. அக்கா வேண்டுமென்றே கொடுத்தாரா, தெரியாது. நான் அதை ஆண்டவர் செயல் என்றே சொல்வேன்.

நைனா கண்ணை மூடிக்கொண்டார். சபை நடுவில் ஒன்றை ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போய் வேறு பேசுகிற மனிதர் இல்லை அவர். அது அம்மாவுக்கும் தெரியும்.

"ஆண்டவரே, எம் பொண்ணு அவளுக்கு இன்னா வேணும்னு தெளிவா சொல்லிட்டா. எனக்கு அந்தப் படிப்பு பேருகூட சரியா வாயில வரல. அத்த அவளுக்குக் குடுங்க."

மறுநாளே குடியாத்தத்துக்கு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அம்மா கொஞ்ச நாள் எனக்கு முகம் கொடுக்கவில்லை. பரீட்சை எழுதினேன், சீட்டும் கிடைத்தது. ஆனால் விடியற்காலை இருட்டில் பெண்பிள்ளை தனியாக எப்படி ரயிலேறும் என்று அம்மா பிடித்துக்கொண்டாள். நைனாவுக்கு ஷிப்ட், கூட வர முடியாது. துணைக்காகக் குறிப்பு வைத்தேன். அது யோபு அங்கிள் பங்குக்கு வந்தது. அவர் ஜெபிக்கவே இல்லை. நான் தினமும் போகிற வண்டிதானே அது, என் மகள் கிரேஸையும் பெங்களூரில் படிக்கச் சேர்க்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து வரட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சொன்னபடியே செய்தார். வழியில் பங்காருபேட்டையில் வண்டி நிற்கும்போதெல்லாம் லேடீஸ் பெட்டி ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

2001-ல் சுரங்கம் மூடியது. மூடக்கூடாது என்று நாமெல்லாம் எத்தனை வெள்ளி அழுது ஜெபித்தோம். அது ஏன் கேட்கப்படவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோலப் பேசவும் மாட்டேன். வேலை போய் நைனா வீட்டில் உட்கார்ந்த முதல் நாள் காலை, நான் படிப்பு முடித்துக் கிடைத்த வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மாதான் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, வண்டிக்கு நேரமாகிறது என்று என்னை விரட்டினாள். எனக்கு அழுகை வந்தது. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன். இன்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் மூச்சை இழுங்க, பிடிங்க என்று நாள் முழுக்கச் சொல்வது நான்தான்.

தங்கச்சிகளே, என் எதிர்காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று மொட்டையாகக் கேட்டுவிட்டு உட்காராதீர்கள். என்ன வேலை பிடிக்கிறது என்று பாருங்கள். அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று இப்போதே விசாரியுங்கள். பிறகு பெயர் சொல்லிக் கேளுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிட மாட்டார்.

போன வெள்ளி, எட்டாவது படிக்கிற பாப்பா ஒன்று எழுந்து, எனக்கு வேலை கிடைக்க ஜெபியுங்கள் என்றது. யாரோ சிரிக்கப் போனார்கள். அதற்குள் பின்வரிசையிலிருந்து யோபு அங்கிள் குரல் வந்தது.

"இன்னா வேலைம்மா? நல்லா யோசிச்சு சொல்லு. எம் பங்குக்கு நான் எடுத்துக்கறேன்."