வாவுதாவின் காசித்தும்பை

கிரிகா பெயர் வைத்த செடி ஒன்றே ஒன்றுதான். செடிகளை உலர்த்தி அடுக்கி வைக்கும் நைரோபிக் கூடத்தில் முப்பத்தெட்டு வருடம் முதுகொடிந்தவருக்கு இது ரொம்பக் குறைச்சல். கூட வேலை பார்த்தவர்கள் ஏழு, எட்டு என்று பெயர் வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போனார்கள். இவரோ அந்த ஒன்றையும் தொலைத்துவிட்டு, ஆண்டுதோறும் விடுப்பெடுத்துச் சொந்த ஊரான தைத்தா மலையில் தேடிக்கொண்டிருந்தார்.

அது ஒரு காசித்தும்பை. முழங்கால் உயரம், வெள்ளைப் பூ, பூவின் தொண்டையில் மட்டும் கத்தரிப்பூ நிறம். 1988-ல் மூடுபனிக் காட்டுக்குள், ஓடைக்கரைப் பாறையடியில் கண்டார். மொத்தமே ஆறு செடிகள். இவ்வளவு கொஞ்சமாக இருந்தால் ஒன்றுக்கு மேல் தொடக்கூடாது என்று புது ஆட்களுக்குப் பாடம் எடுத்தவரே இவர்தான். ஆனால் லண்டனுக்கு ஒன்று, பிரஸ்ஸல்ஸுக்கு ஒன்று என்று அனுப்பி, அங்கெல்லாம் உலர்ந்த செடியோடு ஒட்டும் சீட்டில் தன் பெயர் இருக்கும் ஆசை யாரை விட்டது? ஐந்தை வேரோடு பிடுங்கிச் செய்தித்தாளுக்கிடையில் வைத்து இறுக்கினார். ஓடைக்கு மேலே இன்னும் நிறைய இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏறிப் போய்ப் பார்க்கவில்லை.

அது புது இனம்தான் என்று தாவரவியல் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளப் பதினோரு வருடம் ஆயிற்று. ஒரு கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது. கடைசியில் பெயர் அச்சேறியது. தம்பி படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திய அக்கா வாவுதாவின் பெயர். பாறை எங்கே இருக்கிறது என்பது வரை எழுதி அக்காவுக்குக் கடிதம் போட்டார். மறுவருடம் வந்து பார்த்தபோது பாறை இருந்தது, செடி இல்லை. ஓடையும் பாதியாகியிருந்தது. சரிவு முழுக்க யூகலிப்டஸ் நட்டிருந்தார்கள்.

அன்று தொடங்கிய தேடல் ஏழு வருடம் நீண்டது. பீன்ஸும் மரவள்ளியும் மசித்த கிமாங்காவைத் தூக்கில் எடுத்துக்கொண்டு அக்காவும் கூடவே ஏறுவாள். யூகலிப்டஸ்காரன் ம்வாச்சோஃபி தினமும் வேலியோரம் நிற்பான்.

"என்ன டாக்டர், உங்க அக்கா கெடைச்சாங்களா?"

"அக்கா இங்கதான்டா நிக்கிறேன், குருட்டுப் பயலே!"

"உன்ன இல்ல பாட்டி, பூ பூக்குற அக்காவக் கேட்டேன்!"

அக்கா அதற்குச் சிரிக்க மாட்டாள்.

இந்த வருடம் கிரிகாவின் பையில், அருகிவரும் செடிகளுக்குப் பட்டியல் போடுகிறவர்கள் அனுப்பிய படிவம் ஒன்று இருந்தது. செடி இன்னும் உயிரோடு இருக்கிறதா, அற்றுப்போய்விட்டதா என்று பெயர் வைத்தவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அற்றுப்போயிற்று என்று எழுதிவிட்டால் அதோடு கதை முடிந்தது, அப்புறம் ஒருவரும் தேட மாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.

வியாழக்கிழமை மதியம், பாதி ஏற்றத்தில் அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

"போதும் தம்பி. இனி ஏற வேணாம்."

"முழங்கால் வலிக்குதாக்கா?"

"முழங்கால் கெடக்கு. அந்தச் செடி இங்க இல்லடா. எனக்கு அப்பவே தெரியும்."

"என்ன தெரியும்?"

"என் பேரு வச்சிருக்கேன்னு கடுதாசி போட்டேல்ல, மறுநாளே போனேன். ஒண்ணே ஒண்ணு நின்னுச்சு. என் பேர வச்சிக்கிட்டு அது ஏன் காட்டுல அநாதையா நிக்கணும்னு மண்ணோட பேத்து எடுத்தாந்து, வாசல்ல தண்ணி பீப்பாகிட்ட நட்டேன். சர்ச்சுக்குப் போற சனமெல்லாம் நின்னு பாத்துச்சு. நாலு வாரம் இருந்துச்சுடா. வெயில் தாங்கல, தலையத் தொங்கப் போட்டுருச்சு. குடை பிடிச்சுக்கூடப் பாத்தேன்."

"ஏழு வருசமா எங்கூட ஏறுனியேக்கா!"

"நீ பஸ்ஸ விட்டு எறங்குறப்ப ஒம் மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் வரல. எங்கயாச்சும் இன்னொண்ணு இருந்துறாதான்னு நானுந்தான்டா தேடுனேன்."

கிரிகா எழுந்து பையைத் தோளில் மாட்டினார். அவளை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் ஐந்தைப் பிடுங்கியவனுக்கு ஒன்றைப் பிடுங்கியவளைத் திட்ட வாய் ஏது? அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு படிவத்தை எடுத்துத் தூக்கு மூடியின் மேல் வைத்துக்கொண்டார்.

கடைசிச் செடி எங்கே இருந்தது, யாரால் அழிந்தது என்று அதில் கேட்டிருந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு சீட்டில்கூட அவர் பொய் எழுதியதில்லை. மழையில் நனைந்த நாளில் மணி தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதுவார். அன்று பொய் எழுதினார்.

"எங்க வாசல்னு எழுதிட்டியா?" என்றாள் அக்கா.

"ஓடைக்கரைன்னு எழுதுனேன். ஆறு செடி இருந்துச்சு, ஆறையும் நான்தான் எடுத்தேன்னு."

"அஞ்சுதானடா எடுத்தே?"

"ஆமா."

"அப்ப என் பேரு?"

"பேரு இருக்கும்க்கா. செடி செத்தாலும் பேர எடுக்க மாட்டாங்க."

"அத வச்சு நான் என்னடா பண்ணுவேன்?"

கிரிகா படிவத்தை மடித்து உறைக்குள் போட்டார். மறுநாள் காலை அஞ்சலகத்தில் உறையைச் சேர்த்துவிட்டு வந்தார். விடுப்பில் இன்னும் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு விடியலிலும் இருவரும் பழக்கத்தில் எழுந்துகொண்டார்கள், தேநீர் குடித்தார்கள், மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.