கரடிக்குக் கை வெளுத்த கதை

என் அண்ணனுக்குச் சோறு போடுவது ஒரு கரடி. மற்றவர்கள் உடுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார்கள். இவன் வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உடுத்துவான். உச்சந்தலையிலிருந்து பாதம்வரை பழுப்பு ரோமம். பொம்மைக் கடை வாசலில் நின்று குழந்தைகளுக்குக் கையசைப்பது, கட்டிப்பிடிப்பது, படம் எடுக்கும்போது அசையாமல் நிற்பது, இதுதான் உத்தியோகம். ஒரே ஒரு சட்டம் உண்டு: கரடி பேசக் கூடாது. பேசினால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடுமாம். என்னமோ காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த கரடி என்று குழந்தைகள் நம்பிக்கொண்டிருப்பதுபோல முதலாளியம்மாவுக்கு ஒரு நினைப்பு.

தெருவே அவனைக் கரடி என்றுதான் கூப்பிடும். அவனுக்கும் அதில் வருத்தமில்லை. கரடித் தலைக்குள் இருந்தால் முகம் தெரியாது, அதுதான் விஷயம்.

முகம் முழுக்கப் பரு. ஒன்றிரண்டு என்றால் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? கன்னத்திலும் நெற்றியிலும், கரடித் தலையின் பட்டை உரசுகிற தாடையிலும் கொத்துக் கொத்தாகச் சிவந்து, சிலது சீழ் கோத்து நிற்கும். "புள்ளியெல்லாம் சேர்த்துக் கோடு போட்டா யானை வரும்ணா" என்று ஒரு தடவை சொன்னேன். சிரித்தான். சிரித்துவிட்டு, மேசைமேல் இருந்த கண்ணாடியை மெதுவாகச் சுவர் பக்கம் திருப்பி வைத்தான். அதோடு அந்த ஜோக்கை நான் விற்பதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளியம்மா ஒரு குண்டைப் போட்டார். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் சாயங்காலம் கடைக்குள்ளேயே கதை நேரம். சின்ன மேடை, மைக், விளக்கு எல்லாம் வரப்போகிறது. கதை சொல்ல ஆள் தேடுகிறார். சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் குழந்தைகள் கதை கேட்கும் என்பதால் வேஷம் கிடையாது.

அண்ணன் கதை சொல்லிக் கேட்டால் தெரியும். கரண்ட் போன நேரத்தில் அவன் ஆரம்பித்தால், கரண்ட் வந்த பிறகும் எங்கள் வீட்டில் யாரும் விளக்கைப் போட மாட்டார்கள். அந்த மேடைமேல் அவனுக்கு அப்படி ஓர் ஆசை. அன்றைக்கே மருந்துக்கடைக்கு ஓடினான்.

"பருவுக்கு மருந்து கலந்த ஃபேஸ் வாஷ் இருக்காமே, அது குடுங்கக்கா. மருந்து இத்தனை சதவீதம்னு போட்டிருக்குமே, அதுல இருக்கறதுலயே பெரிய நம்பரா குடுங்க."

"பெரிய நம்பர் வாங்க இது என்ன செருப்பாடா? எப்படிப் போடணும்னு கேட்டுட்டுப் போ..."

மருந்துக்கடை அக்கா சொல்லி முடிப்பதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டியிருந்தான்.

அடுத்த வாரமே எங்கள் வீட்டில் பேய் புகுந்தது. அம்மாவின் நீலத் துண்டு திட்டுத் திட்டாக வெளுத்தது. அடுத்து தலையணை உறை. வீட்டில் எது நடந்தாலும் முதல் குற்றவாளி நான்தானே.

"ஏண்டி, துண்டுல என்னத்தடி ஊத்தின?"

"நான் தொடவே இல்லம்மா!"

"நீ தொடாம துண்டுக்குத் தானாவே நரை விழுந்துச்சா?"

வாழ்க்கையில் முதல்முறையாக நான் நிரபராதி. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட விடாமல், அன்று சாயங்காலமே அண்ணன் ஒரு பையோடு வந்து என் முன்னால் கொட்டினான். கரடியின் இரண்டு கைகள். உள்ளங்கை முழுக்க ரோமம் மங்கி, நடுவில் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"முதலாளியம்மா பாத்தா நான் காலி. கைய கெடுத்தவனுக்கு மேடை குடுப்பாங்களா?"

நான் அவன் முகத்தை நிமிர்த்தினேன். தோல் உரிந்து, சுட்ட தக்காளி மாதிரி சிவந்திருந்தது. பட்டென்று பொறி தட்டியது. துண்டை எடுத்து விரித்தேன். வெளுத்த இடங்கள் கன்னம், நெற்றி, தாடை! அச்சு அசலாக அவன் மூஞ்சி!

குளியலறைக்குப் பாய்ந்து டியூபை எடுத்து, பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வண்ணத் துணியில் பட்டால் சாயம் போகும் என்று போட்டிருந்தது.

"அண்ணா, இதப் போட்டுட்டுக் கழுவறதில்லையா நீ?"

"லேசா. நல்லா கழுவிட்டா மருந்து போயிடாதா?"

"எத்தன தடவ போடற?"

"ஞாபகம் வர்றப்பல்லாம்."

"கடையில வேர்த்தா?"

"உள்ள போய்த் தலையக் கழட்டி, கரடிக் கையாலதான் தொடைச்சுக்குவேன். வேற கை ஏது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிரிப்பை மட்டும் வெளியே விட்டேன். அவனைத் தரதரவென்று மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மருந்துக்கடை அக்கா அவன் முகத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணோ உதடோ வீங்குச்சா? மூச்சுத் திணறுச்சா? கொப்புளம் வந்துச்சா?" இல்லை என்றதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. "அப்படி ஏதாவது வந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இப்போ எரிச்சல் அடங்கற வரைக்கும் இதத் தொடாத. வெறும் தண்ணி, வாசனையில்லாத கிரீம், அவ்ளோதான்."

"அப்புறம்?"

"அடங்கினதும், மருந்து கம்மியா இருக்கற சின்ன நம்பர். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே தடவ. ஈர மூஞ்சில விரலால மெதுவா தடவு, பாத்திரம் தேய்க்கற மாதிரி தேய்க்காத. கண்ணு, உதடு, மூக்கு ஓரம் வேணாம். ஒண்ணு ரெண்டு நிமிஷம் விட்டு, வழவழப்பு போகற வரைக்கும் நல்லா கழுவு. வெள்ளைத் துண்டால ஒத்தி எடு. உடனே கிரீம். வெயில்ல போனா சன்ஸ்கிரீன். தோலுக்கு ஒத்துக்கிச்சுன்னா அப்புறமா தினமும் போடலாம். கூடவே வேற பரு மருந்து எதையும் நீயா சேர்க்காத."

"கதை நேரத்துக்குள்ள போயிடுமாக்கா?"

"கொறையும். போகாது. முழுசா பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். அப்பவும் அடங்கலன்னா, இல்ல உள்ளுக்குள்ள வலிக்கற கட்டியா வந்தா, தோல் டாக்டர பாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் புது டியூபின் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டே நடந்தான். நான் ஒரு கிண்டல்கூடச் செய்யாமல் கூடவே நடந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள்.

மறுநாள் பொம்மைக் கடை வாசலில் திருவிழாக் கூட்டம். பள்ளி விடுமுறை, நானும் போயிருந்தேன். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கட்டிப்பிடிக்க ஓடி வந்த ஒரு வாண்டு, கையைப் பிடித்து முன்னால் இழுத்தது.

"அம்மா! கரடிக்குக் கை வெளுத்துப் போச்சு!"

சுற்றியிருந்த எல்லோரும் திரும்பினார்கள். கல்லாவில் இருந்த முதலாளியம்மா எழுந்தார். வாண்டுக்கு அழுகை முட்டியது. "கரடிக்கு உடம்பு சரியில்லையா?"

அப்போது கரடி பேசியது.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நேத்து ராத்திரி நிலாவத் தொடைச்சேன். அதான் ஒட்டிக்கிச்சு."

கூட்டம் அப்படியே அடங்கியது. "நிலா எப்படி அழுக்காச்சு?" என்றது ஒரு குரல். அவ்வளவுதான், மடை திறந்தது! நிலாவில் சேற்றுக்காலோடு நடந்த திருடன், ஏணி கிடைக்காமல் எட்டு ஒட்டகச்சிவிங்கிகளை அடுக்கிய கரடி, மேலே இருந்த ஒட்டகச்சிவிங்கிக்கு வந்த தும்மல். குழந்தைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர்களும் பைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். நான் விசிலடித்தேன்.

முதலாளியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "கரடி பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

அண்ணன் கையை மறைத்துக்கொண்டான்.

"அதை அப்புறம் பேசிக்கலாம். தும்மினப்புறம் என்ன ஆச்சு, அத முதல்ல சொல்லுப்பா!"

கதை முடிந்ததும் சொன்னார்: "சனிக்கிழமைக் கதைக்கு நீதான். தலைய கழட்டி வெச்சிட்டு வரணும்."

அன்றிலிருந்து குளியலறை வாசலில் காவல் நான். அவன் மருந்தைத் தடவியதும் வெளியே நின்று ஒரு பாட்டை முழுசாகப் பாடுவேன். பாட்டு முடிந்தால் கழுவ வேண்டும். என் குரலுக்குப் பயந்தே சரியாகக் கழுவினான். உரிந்த தோல் ஆறியது. பரு கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியது. ஆனால் அக்கா சொன்னதுபோலவே, முதல் சனிக்கிழமை வந்தபோது முழுசாகப் போயிருக்கவில்லை. தாடையில் ஒரு கூட்டம் இன்னும் சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

திரைக்குப் பின்னால் என் கையை இறுக்கிப் பிடித்தான். "போகட்டுமா?"

"போகலன்னா நான் போய்ப் பாடிடுவேன்."

போனான். விளக்கு அவன் முகத்தில் விழுந்தது. முதல் சில வரிகள் நடுங்கின. பிறகு குரல் ஏறியது. நிலாவில் நடந்த அதே திருடன் கிணற்று விளிம்பில் வழுக்கி, ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, முன்வரிசைச் சிறுமி எழுந்து நின்றாள்.

"உங்க மூஞ்சில என்ன செவப்பு செவப்பா?"

அவள் அம்மா பாய்ந்து வாயைப் பொத்தினாள். அரங்கமே தரையைப் பார்த்தது.

அண்ணன் குனிந்து அவள் உயரத்துக்கு வந்தான். "பரு. மருந்து போட்டுக் கழுவறேன். மெதுவாத்தான் போகும்."

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

அவள் யோசித்தாள். "சரி, அந்தத் திருடன் விழுந்தானா இல்லையா?"

அண்ணன் நிமிர்ந்தான். முகத்தை விளக்குக்கு நேராக நீட்டி, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"நீங்களே சொல்லுங்க. விழுந்தானா?"

கூரை பிய்ந்துபோகிற மாதிரி அத்தனை குழந்தைகளும் கத்தின. அந்தக் கூச்சலில் ஒரு குரல் என்னுடையது.