அவியலுக்கு அரைத்த கை

செல்லக்கனி என்ற பெயரை நேசம்மாள் முதலில் கேட்டது, தம்பி சத்தியராஜுக்குப் பெண் பேசிய வருடம். அருமனைப் பக்கத்துப் பெண், ரப்பர் வெட்டுகிறவரின் இரண்டாவது மகள். தகவல் கொண்டுவந்த அத்தை நிறத்தையும் சொல்லவில்லை, நகையையும் சொல்லவில்லை. "அவளுக்க கையால ஒரு அவியல் தின்னு பாரு, பொறவு பேசு" என்றாள்.

அந்தக் கை இருபத்தாறு வருடம் சபையின் அசனத்துக்குத் தேங்காய் அரைத்தது. அறுப்பின் பண்டிகை முடிந்து ஆலய முற்றத்தில் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அந்தப் பந்தியில், சாம்பாரை யார் வைத்தாலும் அவியல் செல்லக்கனிதான்.

நான்கு வருடத்துக்கு முன் அவள் விரலிடுக்கில் தடிப்பு எழும்பியது. சொறிந்தால் நீர் வடிந்தது, பிறகு செதிள் செதிளாக உரிந்தது. கூடவே வயிறும் கெட்டது. களிம்பு, கஷாயம், பேதி மருந்து ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருட அசனத்தில் சபையைச் சேர்ந்த ராஜபாய் அவியலை இலையோரம் ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "கையப் பாத்தியா? பெரிய வியாதியாக்கும்."

அசன வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெண்கள் ஐக்கியத்துக்கு அப்போது நேசம்மாள்தான் பொறுப்பு. அது தொழுநோய் இல்லை என்று அவளுக்குத் தெரியும்; ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லியாயிற்று. "எனக்க தம்பி பெண்டாட்டி, எனக்குத் தெரியாதா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ராஜபாய் வாயை மூடியிருப்பாள். சொல்லவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். குடும்பத்தில் தோல் வியாதி என்ற பேச்சு தன் வாசலுக்கும் வந்துவிடுமே என்ற பயம்.

"கனி, வாற வருஷம் நீ இரி. நம்ம ஐக்கியத்து ஷீஜா அரைக்கட்டு" என்றாள்.

"எத்தன வருஷத்துக்கு மைனி?"

"கை சொகமாவட்டு. பொறவு ஆரு தடுக்கா?"

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு செல்லக்கனி நாகர்கோவிலில் ஒரு தோல் டாக்டரிடம் போனாள். திரும்பி வந்து நேசம்மாளிடம் சொன்னாள்: "வயித்துக்கு ஒவ்வாத்தது தோலுல எழும்புகதும் உண்டாம் மைனி. எல்லாருக்கும் அப்பிடி இல்லயாம். எனக்கு அப்பிடி இருக்கலாமாம். தின்னு தின்னு பாத்துதான் கண்டுபிடிக்கணுமாம்."

"அப்பம் இனி மீனு இல்லாம கஞ்சியா? தம்பி உன்ன விட்டுட்டு ஓடிப்போவான்."

"ஓடுனா ஓடட்டு. எனக்க கை எனக்கு வேணும்."

டாக்டர் சொன்னபடி ஆறு வாரம் கஞ்சியும் பயறும்தான். பிறகு முட்டை, பால், கோதுமை, மீன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் கூனிப்பொடி. காய்ந்த பொடி இறாலைத் தினமும் தன் கையாலேயே ஆய்ந்து, வறுத்து, இடித்துத் துவையலாக்கித் தின்றவள் அவள். அன்று சாயங்காலமே வயிறு முறுக்கியது, விரல் சிவந்தது. அதோடு கூனியையும் இறாலையும் தொடுவதை விட்டாள். நாலைந்து மாதத்தில் கை தெளிந்தது.

இதற்குள் ஷீஜா இரண்டு அசனத்துக்கு அரைத்துவிட்டாள். மூன்றாவது அசனத்துக்கு வேலை பிரிக்கிற கூட்டத்தில் செல்லக்கனி எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டி, திருப்பித் திருப்பிக் காட்டினாள். பரவாத நோய், அதுவும் ஆறிவிட்டது என்று டாக்டர் எழுதிய கடிதத்தையும் வைத்தாள்.

"கடிதாசி ஆருக்கும் கிட்டும்" என்றாள் ராஜபாய்.

எல்லாரும் நேசம்மாளைப் பார்த்தார்கள். மகளுக்குக் கல்யாணம் முடிந்து வருடம் ஒன்றாகியிருந்தது. பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் பழைய பயமே வாயில் வந்து நின்றது. "கனிக்கும் ஒரு வேல வேணும்லா. அவ இல எடுக்கட்டு" என்றாள். நல்லது செய்ததாகவே அப்போது நினைத்தாள்.

அசனத்தன்று நான்கு பந்தி. செல்லக்கனி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லா எச்சில் இலையையும் எடுத்தாள். நேசம்மாளின் இலைக்கு வந்தபோது அதில் அவியல் அப்படியே கிடந்தது.

"அவியல் பிடிக்கல்லயா மைனி?"

"உப்பு கூடிப்போச்சு."

"ஷீஜாவுக்க சொறியில்லாத கைதான அரச்சுது" என்றாள் செல்லக்கனி. இலையை மடித்துக் கூடையில் போட்டாள். கடைசி இலையையும் எடுத்தபின் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். சாப்பிடாமல் வீட்டுக்குப் போனாள்.

இப்போது அவள் குழித்துறையில் ஒரு பெண்கள் விடுதியில் சமைக்கிறாள். சத்தியராஜும் அவளோடு குழித்துறையில்தான் இருக்கிறான். அறுபது பிள்ளைகள் அவள் கையால் சாப்பிடுகிறார்கள். புதன்கிழமை அவியல்.