அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

அம்மாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் ஒரு மருந்துக் கம்பெனியில் பெட்டி ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். வீட்டில் நாங்கள் இருவரும் கைகளால் பேசிக்கொள்வோம். வெளியே போனால் அம்மாவுக்கு வாய் நான்தான். பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், டாக்டர் எல்லோரிடமும் அவள் கைகள் சொல்வதை நான் எடுத்துச் சொல்வேன். அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான் ஐந்தாவது படித்தபோது, கம்பெனியில் மாற்றுத்திறனாளிகள் தின விழா வைத்தார்கள். அம்மாவுக்குப் பாராட்டுப் பத்திரம். அவள் சொல்வதை எடுத்துச் சொல்ல என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

மேடையில் எச்.ஆர். மேடம் அம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டு, "நம்ம கம்பெனிக்கே இவங்க பெருமை" என்றார். பிறகு மைக்கை என்னிடம் நீட்டினார். "பாப்பா, இங்க வேலை செய்றது எப்படி இருக்குன்னு அம்மாவைக் கேட்டுச் சொல்லு."

கேட்டேன். அம்மா நிதானமாகப் பதில் சொன்னாள். போன மாதம் தீ ஒத்திகைக்குச் சைரன் ஒலித்ததும் எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்களாம். அவள் மட்டும் தனியாக உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாளாம். வாட்ச்மேன் வந்து கூட்டிப் போனபோது வெளியே நின்றவர்கள் சிரித்தார்களாம். நிஜமாகவே தீப்பிடித்திருந்தால்? சைரனோடு சேர்ந்து எரிகிற சிவப்பு விளக்கு ஒன்று வேண்டும். அம்மா இன்னொன்றும் சொன்னாள்: எல்லோரும் என்னை 'ஊமை' என்கிறார்கள். உதடு அசைவதைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

முன்வரிசையில் கம்பெனி முதலாளி உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் அப்பா இல்லை. இந்த வேலையும் போய்விட்டால் என்ன செய்வோம்? மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனேன்.

"அம்மா இங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்களாம். எல்லாருக்கும் தேங்க்ஸ் சொல்றாங்க."

அரங்கமே கை தட்டியது. அம்மா கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இந்த மாதிரிக் கோரிக்கைக்கு யாரும் இப்படிக் கை தட்டமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மேடத்தின் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். பாராட்டுப் பத்திரத்தைத் திருப்பி, அதன் முதுகில் கன்னடத்தில் நாலு வரி எழுதினாள். கடைசியில் தன் பெயரையும் எழுதி மேடத்திடமே கொடுத்தாள். படித்த மேடத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மறுபடி மைக்கைப் பிடிக்காமல், கீழே இறங்கிப்போய் அதை முதலாளியிடம் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டி ஒட்டும் பிரிவில் சிவப்பு விளக்கு வந்தது. பெயர் விஷயம் அத்தனை சுலபத்தில் மாறவில்லை. அவளோடு வேலை பார்த்த பெண்களில் இரண்டு மூன்று பேர் மட்டும் அம்மாவின் பெயரைக் கையால் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று திரும்பும்போது பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். ஏன் மாற்றிச் சொன்னாய் என்று அம்மா கேட்டாள். பயமாக இருந்தது என்றேன்.

அம்மா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். எனக்கும்தான்.

என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் நின்று அப்படி எழுதிக் கொடுத்தவளுக்குப் பயம் எங்கிருந்து வரும் என்று எனக்கு விளங்கவே இல்லை.