பாரிஸ் சின்ன ஊர் என்று நான் சொன்னது

தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் அப்போது எழுத்துக் கூட்டத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அந்த மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு நான் நடந்த நடை இருக்கிறதே, கங்காணி சம்சாரம்கூட அப்படி நடந்திருக்க மாட்டாள். கடுதாசி வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள், சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான். தெரியாது என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டம். நாடு சுதந்திரம் வாங்கி ஏழெட்டு வருஷம் இருக்கும். எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை அரைக்கிற இடத்தை ஸ்டோர் என்போம். அங்கே காம்பு பொறுக்குவேன். பக்கத்து அறை, அதாவது பக்கத்துக் காம்பராக்காரி, தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரை பங்களாவில் ஆயா. என்னை அக்கா என்பாள். புருஷன் கொஸ்லந்தைப் பக்கம் இன்னொருத்தியோடு போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. துரை வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தாள்.

சின்னத்துரை வேலையை விட்டுவிட்டுப் போகிறார் என்று பேச்சு வந்தது. துரைசாணிக்குத் தாய்வீடு பாரிஸ். அங்கேயே போய் இருக்கப் போகிறார்களாம். பிள்ளைகள் உன்னை விட்டு இருக்காது, நீயும் வா, பயணக் கடுதாசி, கப்பல் எல்லாம் துரை பார்த்துக்கொள்வார் என்று துரைசாணி அவளைக் கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பீலியில் தண்ணீர் விழுகிற இடத்தில் குடத்தை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, லண்டன்னா நான் யோசிக்காமக் கெளம்பிடுவேன். இது பாரிசாம். பெரிய ஊரா அது?"

"ஊரு அளவு எதுக்குடி ஒனக்கு? நெலமா வாங்கப் போற?" என்று தண்ணீருக்கு நின்ற ஒருத்தி கேட்டாள்.

"பெரிய ஊருன்னா சனம் நெறைய இருக்கும்ல. நம்ம பாஷை பேசுற ஆளு ஒண்ணாச்சும் அதுல இருக்கும். சின்ன ஊருன்னா நான் யாருகிட்டப் பேசுவேன்? புள்ளைங்க வளந்தப்புறம் வாயடைச்சுல்ல கெடக்கணும்."

அவளுடைய பயம் அவ்வளவுதான். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

பாரிஸைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஸ்டோர் தெரியும். கப்பலுக்குப் போகிற தேயிலைப் பெட்டியில் ஊர்ப் பேரை மையால் அடிப்பார்கள். லண்டன் என்ற எழுத்து பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். சனம் நிறைய இருந்தால் தேயிலை நிறைய வேண்டும், இதில் என்ன சந்தேகம்? பதுளை டவுனுக்கு நிறைய, பெரகலைச் சந்திக்குக் கொஞ்சம் என்று அப்படித்தானே சாமான் போகிறது?

"லண்டனுக்கு லாரி லாரியாப் பொட்டி போகுது. பாரிசுக்கு ஒரு பொட்டி போயி நான் பாத்ததில்ல. பெரகல சந்தி மாதிரி நாலு கடை இருக்கும்டி, அவ்வளவுதான்."

"பெரகலைக்குப் போக இவளுக்குக் கப்பலு கேக்குதா!" என்று யாரோ சொல்ல, பீலியடி முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். முகம் மட்டும் சுருங்கிப்போயிற்று. "அப்ப வேணாங்கா, வரலன்னு சொல்லிடுறேன்" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் அறியாமல் செய்த பிழை என்று இருந்திருக்கும். நான் சொன்னது சரி என்று பெரிய மனுஷர் வாயால் கேட்க எனக்கு ஆசை. வெள்ளிக்கிழமை ஸ்டோர் கிளாக்கரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், புத்தகம் படிக்கிறவர்.

"ஆர் பிள்ளை உனக்கு உப்பிடிச் சொன்னது?" என்றார். "லண்டன்தான் பெரிசு. சனமும் அங்கைதான் கூட. அதுக்காகப் பாரிஸ் சின்ன ஊரே? இடம் குறைவு, ஆனா சரியான நெருக்கம். லண்டன்காரர் பரந்து இருப்பினம். பாரிஸ்காரர் உங்கடை லயம் மாதிரி, ஆனா ஒண்டுக்கு மேலை ஒண்டா அஞ்சாறு மாடி. எத்தினை பதுளையை அதுக்குள்ளை போடலாம்!"

"அப்ப தேயிலைப் பொட்டி ஏங்க போகல?"

"அவை கோப்பி குடிக்கிற ஆக்கள்."

அவர் சிரித்துவிட்டுப் பேரேட்டைப் புரட்டினார். நான் லயத்துக்கு நடந்தேன். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "என்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "தலை வலிக்குது" என்று உள்ளே போய்விட்டேன்.

இன்னும் இரண்டு நாள் இருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் கூப்பிடவில்லை. பீலியடியில் அத்தனை பேர் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்க எனக்கு மனம் வரவில்லை. அது ஒன்று. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று. எழுத்துத் தெரிந்த நான் காம்பு பொறுக்கிக்கொண்டு கிடக்க, கைநாட்டு வைக்கிற அவள் கப்பல் ஏறுவதா என்று உள்ளே ஒரு எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை அவள், தான் வரவில்லை என்று துரைசாணியிடம் சொல்லிவிட்டாள். கார் புறப்பட்ட அன்று பிள்ளைகள் இரண்டும் கண்ணாடியில் கையை அடித்து அழுததை லயமே பார்த்தது. மறுநாள் விடியற்காலை அவள் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் மற்றவர்களோடு நின்று, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். பங்களாவில் பூப்போல இருந்த கை ஒரு மாதத்தில் கறுத்து வெடித்துவிட்டது. அதற்கும் என்னிடம்தான் எண்ணெய் கேட்டு வந்தாள்.

அடுத்த வருஷம் துரைசாணியிடமிருந்து படம் போட்ட அட்டை ஒன்று வந்தது. படத்தில் அகலத் தெரு, இரண்டு பக்கமும் உயரமான வீடுகள், எறும்பு மாதிரி சனம். எழுத்தெல்லாம் இங்கிலீஷு. லண்டன் என்ற எழுத்து அதில் எங்கேயும் இல்லை.

"அக்கா, இதுதான் பாரிசா?" என்று கேட்டாள். குரலில் குறை சொல்லுகிற தொனி இல்லை. என்னை நம்பித்தான் கேட்டாள்.

"இது லண்டன்டி," என்றேன். "வழியில எறங்கிப் பாத்திருப்பாங்க."

அவளுக்கு ஒரே சந்தோஷம். "பாவம் புள்ளைங்க, அந்தப் பட்டிக்காட்டுல இருந்து இதையாச்சும் பாத்துச்சுங்களே" என்று அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அரிசிக் கஞ்சியைப் பசையாகத் தடவிக் காம்பராச் சுவரில் ஒட்டினாள். கோணலாக இருக்கிறது, கொஞ்சம் பிடி அக்கா என்றாள். நான்தான் நேராகப் பிடித்துக் கொடுத்தேன்.