திருநாள் கேசட்

பம்மலில் தலைக்கு மேலே விமானம் போனால் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் கூரை ஓட்டை உரசிவிடுகிற மாதிரித்தான் போகும். பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடுவார்கள், சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். வந்த புதிதில் நானும் அம்மாவும் அந்தச் சத்தம் கேட்டதும் தரையில் குப்புற விழுந்துவிடுவோம். வீட்டுக்காரக் கன்னியம்மா அக்கா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டாள். "இன்னாம்மா, பல்லி கில்லி மேல வுழுந்துச்சா?" என்றாள். "குண்டு போடப்போறான் எண்டு நினைச்சிட்டன்" என்றாள் அம்மா. "அதுல துபாய்க்காரன் பொட்டியோட வர்றான். அவன் எங்க குண்டு போடப்போறான்?" கன்னியம்மா அக்கா சிரித்துக்கொண்டே போனாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

ஊரில் இருக்கிற உங்களுக்கும், மண்டபம் முகாமில் இருக்கிற உங்களுக்கும் இங்கத்தைய இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். டெக் எடுப்பது. வீட்டில் ஒரு விசேஷமென்றால், அல்லது கையில் கொஞ்சம் காசு புரண்டால், டிவிப் பெட்டியையும் படம் போடுகிற டெக்கையும் கடையிலிருந்து ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். எடுத்த வீட்டுக்குத் தெருவே வரும். யாரையும் கூப்பிடத் தேவையில்லை. அவரவர் பாயோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டுக்காரர்தான் இடமில்லாமல் வாசற்படியில் நிற்பார். கதவைச் சாத்தினால், உள்ளே ஏதோ கெட்ட படம் ஓடுகிறது என்று பேச்சு வரும். நாங்கள் இங்கே வந்த பிறகு ஒரே ஒரு தரம்தான் டெக் எடுத்தோம். படம் பார்க்க இல்லை. செத்துப்போன என் அண்ணாவைப் பார்க்க.

என் அண்ணா யூட். மன்னார்க் கரையிலிருந்து என்னையும் அம்மாவையும் படகில் ஏற்றிக் கொண்டுவந்தவன். பம்மலில் தோல் பதனிடுகிற கம்பெனியில் வேலை கிடைத்தது. தோலின் நாற்றம் போகாமல் ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பூசைக்கு வருவான். ஊரில் பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலத்தில் எங்கள் கோயில் முற்றத்தில் கூத்து ஆடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணாவுக்கு மெல்லிய குரல். மாதா தன் மகனைத் தேடிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிற பாட்டு அவனுக்குத்தான் கொடுப்பார்கள். கரையிலிருக்கிற பெண்கள் அதைக் கேட்கவென்றே வருவார்கள்.

இங்கே திருநாள் என்றால் வேறு மாதிரி. சீரியல் பல்பு, ஸ்பீக்கர், சினிமாப் பாட்டுப் பாடுகிற மெல்லிசைக் குழு. அந்த வருஷம் பங்குச் சாமி, எங்கள் கோயில் ஃபாதர், அண்ணாவைக் கூப்பிட்டு, உங்கள் பாட்டை எங்கள் ஜனமும் கேட்கட்டும் என்று மேடையில் ஏற்றிவிட்டார். அண்ணா முதல் அடியைப் பாடினதும் பின்னாலிருந்து, "டேய், மலையாளம்டா" என்று ஒருத்தன் கத்தினான். "தலைவா, படப்பாட்டு ஒண்ணு எட்த்து வுடு" என்றான் இன்னொருத்தன். அண்ணா நிறுத்தவில்லை. ஆர்மோனியத்தில் இருந்த ஸ்டெல்லா அக்கா, தனக்குத் தெரியாத அந்த மெட்டை அவன் வாயைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டாள். ஸ்டெல்லா அக்கா எங்கள் பங்கின் பாடகர் குழுவை நடத்துகிறவள், கோயில் ஆபீசில் டைப் அடிக்கிறவள். பாதிப் பாட்டில் கூட்டம் அடங்கிவிட்டது. அதையெல்லாம் வீடியோ கடை தாஸ் அண்ணன் கேமராவில் எடுத்தார்.

அடுத்த தபசு காலம் வருமுன் அண்ணாவின் கண் மஞ்சளானது. ஊரில் குண்டுக்கும் செல்லடிக்கும் சாகாதவன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு, வெளியாட்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு எங்களுக்கு எங்கே போவது என்று சிலர் கேட்டார்கள். பங்குச் சாமிதான் எல்லாரும் கேட்கச் சொன்னார், செத்தவனுக்கு ஏது நாடு என்று. நான் அவர் கையை முத்தமிட்டேன். அண்ணாவின் முகம் என்று எங்களிடம் மிஞ்சியது அகதி அட்டையில் ஒட்டின சின்னப் படம் மட்டும். அதிலும் நாடியின் மேலே ஆபீஸ் முத்திரை விழுந்திருக்கிறது.

இங்கத்தைய சினிமாவில் ஃபாதர் வந்தால் அவர் நல்லவர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளை அங்கி போட்டிருப்பார், அநாதைப் பிள்ளையை வளர்ப்பார், கதாநாயகனை ஒளித்து வைப்பார், கடைசியில் குண்டு பட்டுச் சாவார். கெட்டது செய்ய அவருக்கு நேரமே கொடுக்கமாட்டார்கள். எங்கள் சாமியையும் நான் அப்படித்தான் பார்த்திருந்தேன். அதனால், ஒரு ஞாயிறு பூசை நடுவில் ஸ்டெல்லா அக்காவின் அப்பா எழும்பி நின்று, சாமியைப் பார்த்து, "எம் பொண்ண ஆபீஸ் ரூம்ல இன்னா பண்ணேன்னு இங்கயே சொல்லு" என்று கேட்டபோது, அந்த மனுஷனுக்குக் குடி என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் குடிக்கிறவர் இல்லை. அக்காவை அந்த ஆபீஸ் அறையில் சாமி தொட்டதும் மிரட்டினதும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவள் வேலையை விட்டால் அப்பாவின் வேலையும் போகும். அவரும் கோயில் பள்ளிக்கூடத்தில்தான் வாட்ச்மேன்.

அடுத்த வாரம் சாமி இல்லை. டிரான்ஸ்பர் என்றார்கள். எங்கே, ஏன் என்று பீடத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அதற்குப் பதிலாக, அந்தக் கதையைப் போட்ட ஒரு வாரப் பத்திரிகை வந்தது. டீக்கடையில் கயிற்றில் தொங்கிற்று. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணைப் படமாகக் கீறியிருந்தார்கள். கை மாறிக் கை மாறி, பத்திரிகை பழந்துணி மாதிரி ஆகும்வரை தெரு அதைப் படித்தது. ஸ்டெல்லா அக்கா பஸ் ஸ்டாப்புக்குப் போனால் பெடியன்கள் ஒரு சினிமாப் பாட்டை விசிலில் அடித்தார்கள். சாமி செய்தது ஒன்று. அதைப் படமாக்கி ஓட்டினது ஊர்.

கோயில் கமிட்டிக்காரர்கள் கோயிலின் பெயரைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். கல்வெட்டில் சாமியின் பெயரைச் சிமெந்து பூசி மறைத்தார்கள். குரூப் போட்டோக்களைக் கழற்றினார்கள். ஒரு சனிக்கிழமை காலை தாஸ் அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, திருநாள் கேசட்ட அழிச்சிட்டு, நாளைக்குப் பூசைக்கு முன்னால கமிட்டி கையில குடுக்கணும். உங்க அண்ணன் அதுல இருக்காரேன்னு மனசு கேக்கல. சாயங்காலம் வரைக்கும் வச்சிக்க. டெக்கு நான் கொண்டாந்து மாட்டறேன்."

"இன்னொரு கொப்பி அடிச்சுத் தரேலாதா அண்ணை?"

"காப்பி அடிக்க ரெண்டு டெக்கு வேணும், இன்னொண்ணு ரிப்பேரும்மா. அதுவும் இல்லாம, காப்பி ஒண்ணு வெளிய கீதுன்னு தெரிஞ்சா என் பொழப்பு போயிடும். கோயில் கல்யாணம் பூரா நான்தான் எடுக்கறேன்."

அந்தக் கேசட் இருக்கிறது என்று எனக்கு முன்னமே தெரியும். ஆனால் அது எப்போதும் இருக்கும், என்றைக்காவது பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். இப்போது சாயங்காலம் வரைக்கும்தான் மிச்சம். அண்ணா அசைகிற, வாய் திறக்கிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

தாஸ் அண்ணன் வயரை மாட்டி முடிக்குமுன் தெரு வந்துவிட்டது. கன்னியம்மா அக்கா முதல் பாய்.

"இன்னா படம், சிலோன் பொண்ணு?"

"படம் இல்லை அக்கா. திருநாள் கேசட். அண்ணா பாடினது கிடக்கு."

"அந்தச் சாமி வருவானா அதுல?"

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "வர்ட்டும், வர்ட்டும். பத்திரிகைல மூஞ்சி சரியா போடல" என்றது. சிலர் சிரித்தார்கள். அம்மா ஒன்றையும் காதில் வாங்காமல் பெட்டிக்கு முன்னால், கையெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் ஸ்டெல்லா அக்கா வாசலில் வந்து நின்றாள். யார் போய்ச் சொன்னார்களோ தெரியவில்லை. சிரித்தவர்கள் பாயைப் பார்த்தார்கள்.

"ஏன் எல்லாரும் கம்முனு ஆயிட்டீங்க? நானும் பாக்கத்தான் வந்தேன்" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "வச்சிக்கிறதா, அழிக்கறதான்னு கமிட்டில ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல. நீயாவது கேட்டிருக்கலாம் ரோசி."

"நீங்கள் வேண்டாம் எண்டா இப்பவே நிப்பாட்டுறன் அக்கா."

சொல்லிவிட்டேன். அவள் வேண்டாம் என்றால் அண்ணா இல்லை. ஸ்டெல்லா அக்கா, பெட்டிக்கு முன்னால் இருந்த என் அம்மாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு டெக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "எந்த எடத்துல எது வரும்னு எனக்குத் தெரியும். நானே ஓட்டறேன்."

படத்தில் சாமி மைக்குக்கு முன்னால் வந்ததும் அவள் வேகமாக ஓட்டுகிற பொத்தானை அழுத்தினாள். படம் கோடு கோடாகப் பாய்ந்தது. சாமி கையைக் காலை உதறினார், தலையை வெட்டி வெட்டி ஆட்டினார். முன்னால் இருந்த சின்னதுகள், "டேய், சாமி டிஸ்கோ ஆடுதுடா" என்று விழுந்து விழுந்து சிரித்தன. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா அக்கா சிரிக்கவில்லை. ஆனால் பின்னால் ஓட்டி, இன்னொரு தரம் அதையே ஓடவிட்டாள்.

பிறகு அண்ணா வந்தான். என் நீலச் சேலைத் துணியில் தைத்த சட்டை. தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு நின்றான். அம்மா கையை நீட்டிக் கண்ணாடியில் அவன் கழுத்தடியைத் தொட்டாள். அன்றைக்குத் திருநாளில் நான் முன் வரிசையில் இருந்தேன். அண்ணாவைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை. கேமரா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. அண்ணாவுக்குப் பின்னால் ஆர்மோனியம். ஸ்டெல்லா அக்காவின் நாற்காலி முதுகில் சாமியின் கை. அந்தக் கை கொஞ்சம் நகர்ந்தது. படத்திலிருந்த ஸ்டெல்லா அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். கை மறுபடியும் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தாள். விழுந்துவிடுகிற மாதிரி நுனியில் இருந்துகொண்டு, அண்ணாவின் வாயைப் பார்த்து வாசித்துக்கொண்டே இருந்தாள்.

டெக்கின் பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா அக்கா படத்தை நிறுத்தினாள். கன்னியம்மா அக்காதான் முதலில் பேசினாள். "இத்தையாடி அழிக்கச் சொல்றானுங்க? வுடாத. போலீஸ்ல கொண்டு போய்க் குடு."

"குடுத்தா? அங்கயும் ஒரு டெக்கு எடுப்பாங்கக்கா. பத்து பேரு சேரு போட்டு உக்காருவாங்க." ஸ்டெல்லா அக்காவின் குரல் உயரவில்லை. "ஒரு வாட்டி டீக்கடையில தொங்கிட்டேன். இனிமே எவன் வூட்லயும் ஓட மாட்டேன்."

சாமியின் மூஞ்சி பார்க்க வந்த ஆள் எழும்பி வெளியே போய்விட்டார். அண்ணா எனக்கு வேண்டும். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டாம். இரண்டும் ஒரே படத்தில் இருந்தன.

ஸ்டெல்லா அக்காவே சொன்னாள். "அவரு குரல எடுத்துக்க ரோசி. டேப் ரெக்கார்டர் யாராண்ட கீது?"

கன்னியம்மா அக்கா ஓடிப்போய்த் தன் டேப் ரெக்கார்டரையும் மகனின் சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றையும் கொண்டுவந்தாள். கேசட்டின் மூலைப் பொந்தில் காகிதத்தைத் திணித்தால் அதன் மேலேயே பதியலாம். பெட்டிக்கு முன்னால் வைத்தோம். "டேய், எவனாச்சும் இருமினீங்க, தோல உரிச்சி கம்பெனில போட்டுடுவேன்" என்றாள் பிள்ளைகளிடம். ஸ்டெல்லா அக்கா படத்தை மறுபடியும் ஓட்டினாள். இந்த முறை அவள் படத்தைப் பார்க்கவில்லை. டெக்கில் எரிந்த சின்னச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணா பாடினான். பாதியில் விமானம் வந்தது. வழக்கம் போல ஓட்டுக்கு மேலே உரசிக்கொண்டு வந்தது. அண்ணாவின் வாய் திறந்து மூடிற்று, பாட்டு கேட்கவில்லை. ஒரு முழு வரியை அது கொண்டுபோய்விட்டது. இன்னொரு தரம் ஓட்டுவோமா என்று கேட்க நான் வாயெடுத்தேன். ஸ்டெல்லா அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. பாட்டின் கடைசி இழுப்பு முடிந்த உடனே அவள் டக்கென்று நிறுத்தினாள். "முதல் கைதட்டு அந்தாளுது. அது உனக்கு வேணாம்" என்றாள்.

சாயங்காலம் தாஸ் அண்ணன் கேசட்டை எடுத்துப் போனார். மறுநாள் கமிட்டிக்காரர்களுக்கு வெறும் கேசட் கிடைத்தது, திருப்தி. எங்கள் பழைய சாமி வேறொரு ஊரில் பூசை வைக்கிறாராம். அங்கேயும் கோயில் ஆபீஸ் இருக்கும். டைப் அடிக்க ஒரு பிள்ளை இருப்பாள். அதை நினைக்கும்போது, அன்றைக்கு அழித்தது சரியா என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். படித்தவர்கள் யாராவது சொல்லட்டும். ஆனால் அது ஸ்டெல்லா அக்காவின் முகம். அவள் சொன்னதைத்தான் செய்தேன்.

இப்போது வீட்டில் அந்தப் பாட்டுக் கேசட் இருக்கிறது. அண்ணா மன்னார்ப் பாட்டைப் பாடுவான். நடுவில் பம்மல் பஸ்ஸின் ஹாரன், கன்னியம்மா அக்காவின் வளையல், யாரோ பிள்ளை மூக்கை உறிஞ்சுவது. கடைசி இழுப்பு முடிந்ததும் கைதட்டு இல்லை. ஒரு சினிமாப் பாட்டு நடுவரியிலிருந்து திடீரென்று எழும்பும். விமானம் வருகிற இடத்தில் மட்டும் அண்ணா இருக்கமாட்டான். அங்கே அம்மா பாடுவாள். கேசட் கேட்கும்போதெல்லாம் அந்த ஒரு வரியை மட்டும், அவனுடைய சுருதியிலேயே.

போன கிழமை ஒரு நாள், கேசட் போடவே இல்லை. அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மேலே உண்மையான விமானம் வந்தது. எதிர் வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு அது போகக் காத்திருந்தார்கள். அம்மா குப்புற விழவில்லை. சுளகைப் பிடித்தபடி, அந்தப் பேரிரைச்சலுக்குள்ளே வாயை அசைத்தாள். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் என்ன பாடுகிறாள் என்று தெரியும்: "மைந்தன் நடந்த மண்ணெங்கே, சொல்லுவீரோ."